சௌனாவில் வைத்த மூன்றாவது பெட்டி

வீட்டுக்கு வைஃபை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். வீட்டில் எத்தனை அறை என்று எண்ணிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். சுவர் எதனால் ஆனது என்று யாரும் பார்ப்பதில்லை. உங்களுக்கும் என்றைக்காவது உதவும் என்பதால் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது சனிக்கிழமையைப் பற்றி. என் மனைவி சினிக்கா எப்படி சௌனா வாசலில் பனியில் கிடந்தாள், அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று. சொல்லத்தான் போகிறேன். ஆனால் சனிக்கிழமையை மட்டும் தனியாகக் கிள்ளி எடுத்துச் சொன்னால் நான் கெட்டவனாகத் தெரிவேன். ஆரம்பத்திலிருந்து கேட்டால் என் பக்கம் இருக்கும் நியாயம் உங்களுக்கே விளங்கும். உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காபி நான் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது. நன்றி.

நான் நகராட்சியில் கட்டிட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்களின் சுவரையும் கூரையையும் குறை சொல்வதுதான் என் பிழைப்பு. அதனால் என் வீட்டில் யாரும் குறை சொல்ல முடியாதபடி எல்லாவற்றையும் நானே செய்தேன். ஏரிக்கரைப் பள்ளத்தில் இருக்கும் மரவீடு அது. சுவருக்குள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய பஞ்சுப் பலகை வைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் டேப் ஒட்டி, ஜன்னல்களுக்கு வெப்பம் வெளியேறாத பூச்சுக் கண்ணாடி போட்டேன். எங்கள் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் செய்த காரியம்தான். குளிரை வெளியே நிறுத்த வீட்டை அலுமினியத் தாளால் சுற்றினோம். குளிரோடு சேர்ந்து போன் சிக்னலும் வெளியிலேயே நின்றுவிட்டது. எங்கள் தெருவில் யாருக்காவது போன் பேச வேண்டுமென்றால் சாலையோரம் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கும் மேட்டுக்குத்தான் போக வேண்டும். நடு ஜனவரியில் தொப்பிக்குள் போனைச் செருகிக்கொண்டு அங்கே ஆட்கள் நின்று பேசுவதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

வீட்டைவிட மோசம் சௌனா. அது முற்றத்தில் தனியாக நிற்கும் சின்னக் கட்டிடம். உள்ளே கல் அடுப்பு வைத்து ஆவியில் குளிக்கும் சூட்டறை, அதற்கு முன்னால் உடை மாற்ற ஒரு முன்னறை. நீராவி சுவருக்குள் இறங்கக் கூடாது என்று அங்கே இரண்டு மடங்கு கவனமாகத் தாள் ஒட்டியிருந்தேன். கதவைச் சாத்தினால் அங்கே உலகமே இல்லை. சினிக்காவுக்கு அது பிடிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. ஊசி போட்டுக்கொள்வாள், அளந்து சாப்பிடுவாள், அதைப் பற்றிப் பேச மாட்டாள். எனக்கு அதில் வேலையே வைத்ததில்லை. போன மார்ச்சில் ஒரு காலை நான் விறகு வெட்டிவிட்டு உள்ளே வந்தபோது சமையலறைத் தரையில் கிடந்தாள். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கருந்திராட்சை ஜூஸைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் தடவினேன். கண் திறந்ததும் என்னைப் பார்த்து, "நீ இங்கதான் இருக்கியா?" என்றாள். "இங்கதான் இருக்கேன்," என்றேன். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் நான் அவள் புருஷன் என்று எனக்கே தோன்றிய நாள் அதுதான்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அவள் கையில் ஒரு சென்சார் ஒட்டினார்கள். சட்டைப் பொத்தான் அளவுதான். அது சர்க்கரையை அளந்து அவள் போனுக்கு அனுப்பும். அவள் போன் இன்டர்நெட் வழியாக என் போனுக்கும், தாம்பெரே நகரத்தில் இருக்கும் எங்கள் மகள் காத்ரியின் போனுக்கும் அனுப்பும். எண் இறங்கினால் மூன்று போனும் கத்தும். நர்ஸ் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள்: சௌனா சூட்டில் இன்சுலின் வேகமாக வேலை செய்யும், சர்க்கரை சட்டென்று இறங்கும், எப்போதும் பக்கத்தில் ஜூஸ் இருக்க வேண்டும், போன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நான் தலையாட்டிக் கேட்டேன். ஒரு வார்த்தை மறக்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஆகவே வீடு முழுக்க, சௌனா உட்பட, நெட் வேண்டியிருந்தது. ஒரே பெட்டியால் ஆகாது. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பல பெட்டிகள் கொண்ட மெஷ் வைஃபைதான் வேண்டும். நான் எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவன் இல்லை. ஏப்ரல் முழுக்க அதைத்தான் படித்தேன். இரண்டு பெட்டி போதுமா, மூன்று வேண்டுமா, பெட்டிகள் காற்று வழியாகப் பேசிக்கொண்டால் போதுமா, கேபிள் இழுக்க வேண்டுமா. கடைசியில் இரண்டு வகை மிஞ்சின. ஒன்று, மின்சாரத்தில் சொருகிவிட்டு மறந்துவிடலாம். இன்னொன்று, கூடவே ஒரு ஆப் வரும். எந்தக் கருவி எந்தப் பெட்டியோடு சேர்ந்திருக்கிறது, எவ்வளவு நேரமாக, எல்லாம் அதில் தெரியும். எந்தக் கருவியின் பெயரைத் தொட்டாலும் கீழே ஒரு பொத்தான் வரும். 'நிறுத்திவை'. தொட்டால் அந்தக் கருவிக்கு மட்டும் நெட் நின்றுவிடும்.

காத்ரி போனில் சொன்னாள்: "அப்பா, முதல்ல சொன்னதையே வாங்குங்க. அந்த ஆப் எல்லாம் நமக்கு எதுக்கு?"

"எது எங்க ஓடுதுன்னு தெரிஞ்சாத்தானே ரிப்பேர் பண்ண முடியும்."

"உங்களுக்கு எல்லாத்தையும் ஆய்வு பண்ணியாகணும். ரிடையர் ஆனது ஞாபகம் இருக்கா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

கடையில் இருந்த பெண்ணும் நல்லவள். "இது குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு ரொம்ப வசதி சார்," என்றாள். "ராத்திரி கேம் ஆடாம நிறுத்தலாம். உங்க வீட்ல எத்தனை பசங்க?"

"பசங்க யாரும் இல்லம்மா. நானும் என் மனைவியும்தான்."

"அப்ப யாரு யாரை நிறுத்தப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பணம் கட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

முதல் பெட்டி கூடத்தில். இரண்டாவது மாடியில். மூன்றாவது சௌனா முன்னறையில், துணி மாட்டும் ஆணிகளுக்கு மேலே. அலுமினியத் தாளைத் தாண்டி அலை போகாது, நான் ஒட்டியது அப்படி. அதனால் வீட்டிலிருந்து சௌனா வரை முற்றத்தைத் தோண்டிக் கேபிள் புதைத்தேன். பனி உருகி, மண் பாதி உறைந்து பாதி சேறாக இருந்த சமயம். மண்வெட்டியால் கொத்திக் கொத்தி என் முதுகு போய்விட்டது. பக்கத்து வீட்டு ரெய்யோ வேலிமேல் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான். "என்னடா, பொண்டாட்டிக்குப் புதையல் தோண்டறியா?" என்றான். இருபத்தைந்து இலையுதிர்காலமாக நானும் அவனும் பக்கத்துப் பக்கத்து இடத்தில் நின்று மூஸ் மான் வேட்டையாடுகிறவர்கள். அவன் கிண்டல் செய்யாமல் இருந்தால்தான் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அன்று சாயங்காலம் சினிக்கா சௌனாவிலிருந்து காத்ரிக்கு வீடியோவில் பேசினாள். தலையில் துண்டு, கன்னம் சிவப்பாக. "பாரு, உங்கப்பா சௌனாவுக்கே நெட் கொண்டாந்துட்டாரு!" என்றாள். ஊரே என்னைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. மருந்துக் கடையில்கூட ஒருவர் சொன்னார், இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் மாதத்தில்தான் கவனித்தேன். நான் வேண்டுமென்று பார்க்கவில்லை. ஆப் திறந்தால் அது தானாகவே தெரியும். 'சினிக்காவின் போன், சௌனா.' செவ்வாய்க்கிழமை மத்தியானம். வியாழக்கிழமை மத்தியானம். எங்கள் வீட்டில் சௌனா சூடேறுவது சனிக்கிழமை மட்டும்தான்.

"மத்தியானம் சௌனாவுல என்ன பண்ணிட்டு இருந்த?" என்று சாப்பிடும்போது கேட்டேன்.

"பலகையெல்லாம் தேச்சுக் கழுவினேன்."

போய்ப் பார்த்தேன். பலகை காய்ந்து கிடந்தது. அவள் என்னிடம் சொன்ன முதல் பொய் அதுவா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியவந்த முதல் பொய் அது. நான் முதுகொடியத் தோண்டிப் போட்ட கேபிளில், எனக்குத் தெரியாமல் ஒருத்தி என்னைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் கல்யாணம் ஆனவரா என்று எனக்குத் தெரியாது, ஆனவர் என்றால் புரிந்துகொள்வீர்கள்.

அப்போதுதான் அந்தப் பொத்தானை முதல்முறை தொட்டுப் பார்த்தேன். வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். காசு கொடுத்து வாங்கிய பொருளைச் சோதித்துப் பார்ப்பதில் தப்பில்லையே. கொஞ்ச நேரத்தில் சினிக்கா சௌனாவிலிருந்து என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். "என்சியோ, நெட் போயிடுச்சு. கொஞ்சம் பாரேன்." நான் மாடிக்குப் போய், பெட்டியைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டு, பொத்தானை மறுபடி தொட்டேன். "வந்துடுச்சு!" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள். நன்றி என்றும் சொன்னாள். அவள் என்னைத் தேடிக்கொண்டு வந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகும் அவ்வப்போது செய்தேன். அடிக்கடி இல்லை. அவள் ரொம்ப நேரம் என் பக்கம் வராத நாட்களில் மட்டும்.

சென்சார் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். சரியான கேள்வி. நிறுத்திவைத்த நேரத்தில் எண் எனக்கும் காத்ரிக்கும் வராது, அவள் போனில் மட்டும் இருக்கும். ஆனால் நான் வீட்டில்தானே இருந்தேன். ஆளே இருக்கும்போது எண் எதற்கு?

அக்டோபர் கடைசியில் வேட்டை முடிந்து, குழுவோடு கொட்டகையில் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தோம். ரெய்யோ கத்தியைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டான்: "என்சியோ, டிரெய்லரை ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை காலைல கொண்டாந்து விட்டா போதுமா, இல்ல சனிக்கிழமையே வேணுமா?"

"எந்த டிரெய்லர்?"

"என்னோடதுதான். சினிக்கா கேட்டாளே. தாம்பெரேக்குச் சாமான் ஏத்த."

கொட்டகையில் யார் கத்தியும் அசையவில்லை. எல்லோரும் தங்கள் முன்னால் இருந்த இறைச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேருக்கும் தெரியும். என் மனைவி என்னை விட்டுப் போகப்போகிறாள் என்பது என்னைத் தவிர அந்தக் கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். ரெய்யோவின் மேல் எனக்குப் பெரிய கோபம்கூட இல்லை. எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் வீட்டு விஷயம் பேச மாட்டோம். நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து, எனக்கு எல்லாம் தெரிந்துதான் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

"காலைல போதும்," என்றேன்.

அவன் முகத்தில் ஒரு நிம்மதி. என் தோளில் தட்டினான். "நல்லவேளைடா. நீ எப்படி எடுத்துக்குவியோன்னு பயந்துட்டே இருந்தேன். சாதாரணமாத்தான் எடுத்துக்கிட்ட. பெரிய மனுஷன்டா நீ."

வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். இரண்டு வாரம். இறைச்சியைப் பொட்டலம் கட்டினாள், என் கிழிந்த கையுறையைத் தைத்துத் தந்தாள், காலண்டரில் என் பெயர் வரும் பெயர்நாளுக்குக் கேக் கூடச் செய்தாள். செய்துகொண்டே போகத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷியால் அது எப்படி முடிகிறது என்று நான் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் நிமிர்ந்து, "என்ன?" என்பாள். "ஒண்ணுமில்ல," என்பேன். எனக்குள் எவ்வளவு வலித்தது என்று எழுதிக்கொள்ள உங்கள் படிவத்தில் இடம் இருக்காது. காத்ரியும் தினமும் என்னிடம் பேசினாள். அப்பா, குளிர் எப்படி, அப்பா, முதுகு எப்படி என்று. என் சொந்த மகள்.

இப்போது சனிக்கிழமை.

சாயங்காலம் வழக்கம்போல் சௌனாவுக்கு அடுப்பு மூட்டினேன். வழக்கம்போல் ஜூஸ் புட்டியைக் கொண்டுபோய் முன்னறை பெஞ்சில் வைத்தேன். சினிக்கா காபியும் ஏலக்காய் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, அதற்கான ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தாள். போனை முன்னறையில் துண்டுக்கு மேல் வைத்தாள். இருவரும் உள்ளே போய் மேல்பலகையில் உட்கார்ந்தோம். எங்கள் ஜனங்கள் வாய் திறப்பதே அங்கேதான். அங்கே யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள், கோபித்துக்கொண்டு எழுந்து போக மாட்டார்கள். அவள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். நான் ஒரு அகப்பைத் தண்ணீரை எடுத்து அடுப்புக் கல்மேல் ஊற்றினேன்.

"என்சியோ, நாளைக்கு நான் காத்ரிகிட்டப் போறேன். அங்கயே வீடு பாத்தாச்சு."

"தெரியும்."

அவள் முகத்து வியர்வையை வழித்துவிட்டாள். "ரெய்யோ சொல்லிட்டானா?"

"அதுக்கு முன்னாடியே தெரியும். நீ செவ்வாய், வியாழன் இங்க வந்து பேசறது தெரியும்."

"எப்படித் தெரியும்?"

நான் பதில் சொல்லவில்லை. அவளே புரிந்துகொண்டாள். கெட்டிக்காரிதான். "அப்போ, நெட் போனதெல்லாம்?" என்றாள். நான் கல்மேல் இன்னொரு அகப்பை ஊற்றினேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

"நான் எதுக்குப் போறேன்னு யோசிச்சுப் பாத்தியா?" என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "மார்ச்சுக்கு அப்புறம் நீ என்னை நோயாளியாவே வெச்சுக்கணும்னு பாக்கற. என் பின்னாலயே நிக்கற. எனக்கு மூச்சு விட இருந்தது இந்த ஒரு கட்டடம். இங்கயும் ஒரு பெட்டியை மாட்டிட்ட."

"உன் உயிருக்காக மாட்டினேன்."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்," என்றாள்.

முப்பத்து நான்கு வருஷத்துக்கு அவள் வைத்த முற்றுப்புள்ளி அது. நான் இறங்கி வந்தேன். முன்னறையில் துடைத்துக்கொண்டு சட்டை போட்டேன். அவள் உள்ளே தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பெஞ்சில் கிடந்த தட்டு, கோப்பை, புட்டி எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சௌனாவிலிருந்து காலிப் புட்டிகளைக் கொண்டுவருவது எப்போதும் என் வேலை.

ஜூஸ் புட்டி காலியாக இருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. அது திறக்கவே இல்லை.

சமையலறையில் உட்கார்ந்து காபி போட்டேன். ஆப் திறந்தேன். 'சினிக்காவின் போன், சௌனா.' இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் காத்ரியைக் கூப்பிடுவாள், சொல்லிவிட்டேன் என்பாள், இரண்டு பேருமாக நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள் என்று தோன்றியது. கடைசிச் சாயங்காலமாவது எங்கள் வீட்டு விஷயம் எங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும் என்று நினைத்தேன். பொத்தானைத் தொட்டேன். அவ்வளவுதான். நீங்கள் என்னமோ பெரிதாகச் சொல்கிறீர்கள். நான் ஒரு மனுஷியையும் தொடவில்லை. கதவைப் பூட்டவில்லை. ஒரு பெயரின் மேல் விரலை வைத்தேன்.

என் போனில் அவளுடைய சர்க்கரை எண் இருந்த இடத்தில் சின்னதாக ஒரு கோடு வந்தது. தகவல் இல்லை என்று அர்த்தம். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் முதலில் சொன்னது பொய் இல்லை. எனக்குத் தெரியாமல் இருக்கும்படி நானே ஏற்பாடு செய்திருந்தேன், அவ்வளவுதான்.

பிறகு காத்ரி கூப்பிட்டாள். என் போன் எப்போதும் வேலை செய்யும்.

"அப்பா, அம்மாவோட நம்பர் எனக்கு வரல."

"நெட் அப்டேட் ஆகுது. கொஞ்ச நேரத்துல வந்துடும்."

"கடைசியா வந்தப்போ இறங்கிட்டே இருந்துச்சுப்பா. அம்மா எங்க?"

"சௌனாவுல. இப்பத்தான் பாத்துட்டு வந்தேன். நல்லாத்தான் இருக்கா."

"பக்கத்துல ஜூஸ் இருக்கில்ல?"

"நான்தானே எப்பவும் கொண்டுபோய் வைக்கறேன்."

"அப்பா, ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"போறேன்மா."

அந்தப் பேச்சில் அப்டேட் என்பதைத் தவிர வேறு பொய் எதுவும் இல்லை, கவனித்துப் பாருங்கள். புட்டி என் முன்னால் மேசைமேல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன்.

காத்ரி என்னை நம்பவில்லை. உடனே ரெய்யோவைக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் வீட்டில் பழைய கம்பிப் போன் இன்னும் இருக்கிறது. அவன் ரிசீவரைப் போட்டுவிட்டு, செருப்பு மாதிரி ஏதோ மாட்டிக்கொண்டு, பனியில் விழுந்து எழுந்து ஓடிவந்தான். அவன் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. சினிக்கா சௌனா வாசலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கிடந்தாள். போன் கையில் இருந்தது, கத்திக்கொண்டிருந்தது. அவன்தான் அவளைத் தூக்கி உள்ளே போட்டு, தன் கோட்டால் சுற்றி, தபால் பெட்டி மேட்டுக்கு ஓடி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ வீட்லயாடா இருந்த?" என்றான். ஞாயிறு காலை ஆஸ்பத்திரியில் அவள் போய்விட்டாள். என்னைப் பார்க்க விடவில்லை. காத்ரி வாசலில் நின்றாள்.

சனிக்கிழமை உங்கள் ஆட்கள் கேட்டபோது, நான் சமையலறையில் இருந்தேன், எதுவும் கேட்கவில்லை என்று சொன்னேன். அதைத் திருத்த வேண்டும். அதற்காகத்தான் இன்று நானாகவே உட்கார்ந்து பேசுகிறேன்.

காத்ரியிடம் பேசி முடித்ததும் விறகு எடுக்க வெளியே போனேன். உள்ளே அடுப்பு தணிந்துகொண்டிருந்தது. கை நிறைய விறகு அடுக்கிக்கொண்டு திரும்பும்போது சௌனாக் கதவு திறந்து, வெளிச்சம் பனிமேல் விழுந்தது. சினிக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடம்பில் ஒரு துண்டுதான். பெஞ்சைப் பார்த்திருப்பாள், புட்டி இல்லை. காத்ரியைக் கூப்பிட்டுப் பார்த்திருப்பாள், போகவில்லை. எங்களுக்கு நடுவில் முற்றம் மட்டும்தான். நான் நிற்பது அவளுக்குத் தெரிந்தது, என் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கொல்ல நினைத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இல்லை. அவள்மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கு நான் வேண்டியிருக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். மகளும் வேண்டாம், ரெய்யோவும் வேண்டாம், நான் ஒருவன் போதும் என்று அவள் வாயால் ஒரு தடவை வந்தால் எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன். ஓடியிருப்பேன். புட்டி மேசைமேல்தான் இருந்தது.

"என்சியோ," என்றாள்.

நன்றாகக் கேட்டது. மார்ச்சுக்குப் பிறகு அவள் அப்படி என் பெயரைச் சொன்னதில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிடுவாள் என்று விறகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.